பேதி மருந்து குடிக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது? (அப்பாவுக்கு மலக்குடல் அறுவை, 12 நாள் இருக்கிறது)

#1 தூக்கம்வராதவன் | ஞாயிறு, இரவு 11.20

அப்பாவுக்கு 66 வயது. மலக்குடலில் கட்டி. கதிர்வீச்சு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறுவை. சில மாதங்களுக்குத் தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றில் திறந்துவிட்டு, மலம் சேர அங்கே பை வைப்பார்களாம், அதுதான் இலியோஸ்டமி.

சர்க்கரை 17 வருடமாக இருக்கிறது. காலையில் கிளிமெபிரைடு, டாபாகிளிஃப்ளோசின். காலையும் இரவும் மெட்ஃபார்மின். படுக்கும் முன் கிளார்ஜின் (நீண்டநேர இன்சுலின்) ஊசி 20 யூனிட்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் சர்க்கரையைப் பற்றி ஒரே வரிதான்: அறுவை அன்று காலை சர்க்கரை மாத்திரை வேண்டாம். சரி. ஆனால் அதே தாளில், முந்தைய நாள் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும் என்றும், மாலையில் பேதி மருந்து பாதி, விடியற்காலை மீதிப் பாதி என்றும் போட்டிருக்கிறது. அந்த வியாழக்கிழமை மாத்திரைகளைப் போடுவதா? இரவு ஊசி எவ்வளவு? அறுவை சிகிச்சைப் பிரிவில் கேட்டால் சர்க்கரை டாக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள். சர்க்கரை டாக்டரின் உதவியாளர், அறுவைக்காரர்கள் சொல்வார்கள் என்கிறார்.

ஒரு நல்ல செய்தி, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு) 7.1. போன மாதம் இரத்தம் அதிகம் போய் இரண்டு யூனிட் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு எடுத்தது. அப்பா அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். வீட்டு மீட்டரில் மட்டும் வெறும் வயிற்றில் 190, 215 என்று காட்டுகிறது. மீட்டர் பழசு, அதனால் இருக்கலாம்.

#2 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.52

ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாப்பாடு இல்லை என்றால் மருந்தும் இல்லை. இரண்டு நாள் முன்பே எல்லா மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிடுங்கள். என் மாமாவுக்கு அப்படித்தான் செய்தோம், நன்றாகத்தான் இருந்தார்.

#3 ஒன்றாம்வகை | திங்கள், காலை 5.40

எல்லாவற்றையும் நிறுத்துவதா? தயவுசெய்து வேண்டாம். எனக்கு டைப் 1. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதற்கு நீண்டநேர ஊசி வேண்டும். எனக்கு அதை ஒரு நாள் நிறுத்தினால் மறுநாள் கீட்டோன் குவிந்து இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸில் படுத்திருப்பேன். டைப் 2-வில் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனாலும் 17 வருடச் சர்க்கரைக்கு இரண்டு நாள் ஊசியே இல்லாமல் அறுவை மேஜைக்குப் போனால் 300-இல் போய் நிற்பார், அறுவையே தள்ளிப்போகும்.

#4 வார்டுக்காரி | திங்கள், காலை 6.15

குடல் அறுவை வார்டில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அறுவை அன்று உங்கள் அப்பாவைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள் வீட்டில், கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவில், அவர் தனியாக இருப்பார். நான் பார்த்த லோ சுகர்களில் பாதி அந்த இரவில் வீட்டில் நடந்தவை.

காரணம் எளிது. கிளிமெபிரைடு காலையில் போட்டால் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை நாள் முழுக்க இன்சுலின் விடச் சொல்லும். அன்றைக்கு உள்ளே போவது தண்ணீரும் பேதி மருந்தும்தான். அதனால் எங்கள் வார்டில் பேதி நாளன்றே அந்த வகை மாத்திரையை நிறுத்தச் சொல்வோம். நீண்டநேர ஊசியை நிறுத்த மாட்டோம், முந்தின இரவு வழக்கமான அளவில் முக்கால் பங்கோ ஐந்தில் நான்கு பங்கோ. உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் வாங்காதீர்கள், தாளில் வாங்குங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தெளிந்த திரவம் என்றதும் சர்க்கரைக்காரர்கள் பழக்கதோஷத்தில் சர்க்கரை போடாத பானமாகத் தேடித் தேடிக் குடிப்பார்கள். நாள் முழுக்க மாவுச்சத்தே உள்ளே போகாது. வருடம் முழுக்க வேண்டாம் என்று ஒதுக்கியதை அந்த ஒரு நாள் அளவோடு குடிக்க வேண்டும்: சக்கையில்லாத ஆப்பிள் சாறு, சர்க்கரை போட்ட பாலில்லாத தேநீர், இந்த மாதிரி. சிவப்பு நிறம் வேண்டாம், குடலில் பார்த்தால் இரத்தமா சாயமா என்று குழம்பும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பாருங்கள், நடுராத்திரியும் ஒரு முறை. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. குளுக்கோஸைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள், அடுக்களையில் வேண்டாம்.

#5 நடுநிசிச்சாவி | திங்கள், காலை 9.05

டாபாகிளிஃப்ளோசின் என்று பார்த்ததும் கை பதறி எழுதுகிறேன். என் அக்காவுக்கு இதே குடும்பத்து மாத்திரை, எம்பாகிளிஃப்ளோசின். பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அறுவை அன்று காலை மட்டும் மாத்திரை வேண்டாம் என்றார்கள், நாங்களும் அப்படியே செய்தோம். மறுநாள் ஓயாமல் வாந்தி. மூச்சு ஓடிவந்தவளுக்கு இரைப்பது போல இரைத்தது. சுகர் பார்த்தால் 168, எல்லாருக்கும் நிம்மதி. மயக்க மருந்தின் வாந்தி, வலியில் மூச்சு வாங்குகிறது என்றார்கள். சாயங்காலம் பணிக்கு வந்த ஓர் இளம் டாக்டர், 'இவர் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?' என்று கேட்டார். கேட்டுவிட்டு விரல் நுனியில் கீட்டோன் பார்த்தார். 5.2. அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

#6 மயக்கவியல் | திங்கள், மதியம் 2.30

நான் மயக்க மருந்து மருத்துவர். நோயாளியைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன், ஆனால் இங்கே இரண்டு விஷயம் அவசரம்.

முதலாவது #5 சொன்னது. இந்த வகை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகின்றன. பட்டினி, அறுவையின் அழுத்தம், உடலில் நீர் குறைவது மூன்றும் சேர்ந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோனைக் குவிக்கும். சர்க்கரை ஒரு பக்கம் சிறுநீரில் போய்க்கொண்டிருப்பதால் மீட்டர் சாதுவாகக் காட்டும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். 0.6-க்குக் கீழே இருக்க வேண்டிய கீட்டோன் 3-ஐத் தாண்டினால் ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் மூன்றையும் குறைந்தது 3 நாள் முன்பும், எர்ட்டுகிளிஃப்ளோசினை 4 நாள் முன்பும் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இலேயே மருந்தோடு வரும் விவரத்தாளில் சேர்த்துவிட்டது. குடல் அறுவையில் பட்டினி ஒரு நாள் முன்பே, பேதி மருந்தோடு தொடங்கிவிடுகிறது. ஆகவே நான் அந்த நாளையும் கணக்கில் சேர்த்து ஒரு நாள் கூடுதலாகவே நிறுத்தச் சொல்வேன்.

இரண்டாவது, அந்த 7.1. தம்பி, மீட்டரைப் பழி சொல்லாதீர்கள். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்கள் சுமார் மூன்று மாதமாகச் சர்க்கரையில் ஊறியதன் அளவு. உங்கள் அப்பாவின் பழைய அணுக்கள் இரத்தக் கசிவில் போய்விட்டன, இப்போது ஓடுவதில் ஒரு பகுதி வேறு யாருடையதோ இரத்தம். அந்த 7.1-இல் பாதி தானம் கொடுத்தவரின் நல்லொழுக்கம். நேர் எதிராக, இரும்புச்சத்துக் குறைபாடு மட்டும் இருந்தால் எண் பொய்யாக ஏறியும் காட்டும். இரத்தம் கசியும் குடல் நோயில் அந்த ஒற்றை எண்ணை நம்ப முடியாது. வெறும் வயிற்றில் 215 என்பதுதான் உண்மை.

#7 கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 4.10

#2-ஐ வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 215 என்றால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாமா? ஹெச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் மேஜையில் ஏற்றவே மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

#8 மயக்கவியல் | திங்கள், மாலை 6.45

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முடிந்தவரை 8-க்குக் கீழே என்கிறது, பிரிட்டனில் 8.5. காத்திருக்கக்கூடிய அறுவைகளுக்கு அது நல்ல விதி. மூட்டு மாற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்கலாம், குடலிறக்கத்துக்கும் பெரும்பாலும் காத்திருக்கலாம். புற்றுநோய்க் கட்டியைச் சர்க்கரைக்காக மூன்று மாதம் வளரவிட மாட்டோம். கையில் இருக்கும் நாட்களில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்குவோம். 12 நாள் குறைவில்லை, இரவு ஊசியைச் சில யூனிட் ஏற்றினால் ஒரு வாரத்திலேயே வெறும் வயிற்றுச் சுகர் 140-க்கு அருகே வந்துவிடும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், குடலே கிருமி நிறைந்த இடம். அங்கே வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளையணு மந்தமாகும், புண்ணில் சீழ் வைக்கும் வாய்ப்பு கூடும்.

நாளைக்கே சர்க்கரை டாக்டரை நேரில் பாருங்கள். இரத்தம் ஏற்றிய தேதியையும் மீட்டர் எண்களையும் கொண்டுபோங்கள்.

#9 தூக்கம்வராதவன் | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. உதவியாளரைத் தாண்டி டாக்டரையே பார்த்துவிட்டேன். இரத்தம் ஏற்றியதைச் சொன்னதும் அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு மீட்டர் நோட்டை வாங்கிக்கொண்டார். ஊசி 20-இலிருந்து 24, மூன்று நாள் கழித்து 26. டாபாகிளிஃப்ளோசின் ஞாயிறோடு நிறுத்தம். கிளிமெபிரைடு புதனோடு. மெட்ஃபார்மின் வியாழன் காலை வரை. வியாழன் இரவு ஊசி 21. கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

அப்பாவுக்கு 7.1 போனதில்தான் வருத்தம். "அப்போ அது என் மார்க் இல்லையா?" என்கிறார்.

#10 இடைவழிப்போக்கன் | புதன், இரவு 10.50

நடுவில் புகுந்து கேட்கிறேன். எனக்கு அடுத்த மாதம் பெருங்குடல் அறுவை. சர்க்கரைக்கு வாராவாரம் செமாகுளூடைடு ஊசி போடுகிறேன். மாத்திரையை ஒரு நாள் விடலாம், வாரத்துக்கு ஒரு ஊசியை எப்படி விடுவது? அப்புறம், அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏதோ மாவுச்சத்துப் பானம் தருகிறார்களாமே, அது நமக்கு ஆகுமா?

#11 மயக்கவியல் | வியாழன், காலை 7.00

இரைப்பையை மெதுவாக்கும் மருந்து அது. மயக்கத்தில் இரைப்பையில் கிடப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடுமோ என்பதுதான் எங்கள் பயம். 2023-இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-இல் பல சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தின: பெரும்பாலானோர் தொடரலாம், குமட்டலோ வயிறு உப்பலோ இருப்பவர்களும் அளவு ஏற்றிக்கொண்டிருப்பவர்களும் கவனம், தேவைப்பட்டால் முந்தின நாள் திரவ உணவு. குடல் அறுவைக்கு எப்படியும் அந்தத் திரவ நாள் பலருக்கு இருக்கிறது. உங்கள் மயக்க மருத்துவரிடம் கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பானத்தில் பொதுவாக 50 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை இல்லாதவர்களுக்குப் பயன் உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சில இடங்களில் கொடுக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

#12 ஒன்றாம்வகை | வியாழன், காலை 7.25

கையில் சுகர் பார்க்கும் சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கு ஒன்று. அது ஓரிரு நிமிடத்தில் சொல்லாது, ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை பின்தங்கும். அந்தப் பக்கமாகப் படுத்தாலே பொய்யாக லோ காட்டும். மேஜையில் கிடந்த நேரத்தில் என்னுடையது 52 என்று அலறியிருக்கிறது, விரலில் பார்த்தால் 131. ஆஸ்பத்திரியில் விரல் குத்துவதுதான் கணக்கு.

#13 தூக்கம்வராதவன் | வெள்ளி, காலை 4.35

பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது, அறுவை இன்றைக்கு. தூங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை 6 மணிக்கு 148. பேதி மருந்து முதல் பாதி. 9 மணிக்கு 117. இரவு 21 யூனிட். 12 மணிக்கு 96. வார்டுக்காரி அக்கா சொன்னதால் 2 மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். எழுப்பினால் அப்பா 'நன்றாகத்தான் இருக்கிறேன், விடு' என்றார், கை மட்டும் ஈரமாக இருந்தது. 63. குளுக்கோஸ் கட்டிலருகே இருந்தது, கரைத்துக் கொடுத்தேன். அவர் இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். படபடப்பே தெரியாதாம், அதனால் அவருக்கே தெரியவில்லை. 15 நிமிடத்தில் 88, அரை மணியில் 109. இப்போது இரண்டாம் பாதி குடித்துக்கொண்டிருக்கிறார்.

#14 வார்டுக்காரி | வெள்ளி, காலை 4.50

நல்லது தம்பி. அங்கே போனதும் இரவு 63 ஆனதையும் குளுக்கோஸ் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் முதலில் சொல்லுங்கள். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த சர்க்கரைத் தண்ணீர் பரவாயில்லை. அதற்குப் பிறகு லோ ஆனால் நீங்களாக எதுவும் கொடுக்க வேண்டாம், கூப்பிடுங்கள், நரம்பில் ஏற்றுவார்கள். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக வைக்கச் சொல்லுங்கள்.

#15 தூக்கம்வராதவன் | சனி, இரவு 8.15

அறுவை நல்லபடியாக முடிந்தது. பை வைத்திருக்கிறார்கள். ஆனால் நேற்று இரவு 274! சாப்பிடவே இல்லையே, எங்கிருந்து வருகிறது? இன்சுலின் ட்ரிப்ஸ் போட்டு இப்போது 160. நாளை ட்ரிப்ஸை எடுக்கலாம் என்கிறார்கள்.

#16 மயக்கவியல் | சனி, இரவு 9.40

அறுவை என்றால் உடலுக்கு அடிபட்ட மாதிரிதான். கார்ட்டிசோல், அட்ரினலின், குளுக்ககான் என்ற ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து கல்லீரலில் இருக்கும் சர்க்கரையைத் திறந்துவிடும். போதாக்குறைக்கு வாந்தி வராமலிருக்க நாங்களே டெக்சாமெத்தசோன் கொடுத்திருப்போம், அது ஸ்டீராய்டு, ஒரு நாள் சுகரை ஏற்றும். 100-க்கும் 180-க்கும் நடுவில் வைத்தால் போதும், 90-க்கு இறக்க ஆசைப்படக் கூடாது.

ட்ரிப்ஸ் எடுத்த பிறகு அன்றன்றைக்கு ஏறியதைப் பார்த்து ஏறியதற்கு மட்டும் ஊசி என்று வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2011-இல் வெளியான ராபிட் 2 சர்ஜரி என்ற ஆய்வில் 211 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறிய பின் துரத்திய குழுவில் புண் சீழ், நிமோனியா போன்ற சிக்கல்கள் 24.3 சதவீதம். அடிப்படை ஊசியும் சாப்பாட்டு ஊசியும் போட்டவர்களில் 8.6. லோ சுகர் இரண்டாவது குழுவில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#17 வார்டுக்காரி | சனி, இரவு 10.05

ட்ரிப்ஸ் எடுப்பதற்கு முன் தோலுக்கடியில் நீண்டநேர ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். நரம்பில் போகும் இன்சுலின் நிறுத்திய சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பணி மாறும் நேரத்தில் ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டு ஊசியை அடுத்தவர் போடுவார் என்று விட்டுவிடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சாப்பாடு ஆரம்பித்ததும், தட்டு வந்தவுடன் ஊசி போட வந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். குடல் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டுக் குமட்டினால் போட்ட ஊசியை என்ன செய்வது? சாப்பிட்டு முடித்ததும், சாப்பிட்ட அளவுக்குப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

#18 பையோடு5வருடம் | செவ்வாய், காலை 8.30

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரை, எனக்கும் இலியோஸ்டமி. வீட்டுக்குப் போன பிறகு வரும் கூத்தைச் சொல்கிறேன்.

சிறுகுடல் விட்ட மீதித் தண்ணீரைப் பெருங்குடல்தான் உறிஞ்சும், அதற்கு முன்பே பை வைத்துவிட்டார்கள். தண்ணீரும் உப்பும் பையில் கொட்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். தாகம் என்று வெறும் தண்ணீராகக் குடித்தால் இன்னும் கொட்டும். உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர்தான் உள்ளே நிற்கும். எனக்குச் சொல்லித் தந்த அளவு: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். குளுக்கோஸ் என்றதும் நான் பயந்து உப்பை மட்டும் கலந்து குடித்தேன். குளுக்கோஸ் இல்லாமல் சிறுகுடல் உப்பைச் சரியாக இழுக்காதாம். நான்காம் நாள், சிறுநீரகம் வாடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி மறுபடி வார்டு. அந்த 20 கிராமை நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடித்தால் சுகர் பெரிதாக ஏறுவதில்லை, பார்த்துவிட்டேன்.

அந்த நான்கு நாளும் மெட்ஃபார்மினையும் விடாமல் போட்டேன், அது அடுத்த தப்பு. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் வாடும், மெட்ஃபார்மின் தேங்கும். வெளியே அதிகம் போகும் நாளில் அதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசினை மறுபடி ஆரம்பிக்கும் முன், பை இருக்கிறது என்று நினைவூட்டுங்கள். நீரை வெளியேற்றும் மாத்திரை, நீர் நிற்காத வயிறு.

சாப்பாட்டில் முதல் சில வாரம் நார்ச்சத்து குறைக்கச் சொல்வார்கள், அடைப்பு வராமலிருக்க. 17 வருடம் நார்ச்சத்து, நார்ச்சத்து என்று ஓதியவர்களே இப்போது வேண்டாம் என்பார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சுகர் சரேலென ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட்டால் சமாளிக்கலாம். நீண்ட நேரம் கரையும் வகை மெட்ஃபார்மின் என்றால் பையில் மாத்திரை முழுசாக வருகிறதா என்று பாருங்கள். வெறும் கூடாகவும் இருக்கலாம், மருந்தே இறங்காமல் வந்ததாகவும் இருக்கலாம். பார்த்தால் சொல்லிவிட வேண்டும்.

#19 தூக்கம்வராதவன் | ஞாயிறு, மாலை 5.20

வீட்டுக்கு வந்து மூன்று நாள். ஊசி 18 யூனிட்தான் தேவைப்படுகிறது, எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் பை எடுக்கும் வரை வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். சர்க்கரைக்கு இரவில் யாரைக் கூப்பிடுவது, பைக்கு யாரை என்று இரண்டு நம்பர் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பையோடு5வருடம் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. இன்று காலை பையைக் காலி செய்யும்போது வெள்ளையாக ஒரு மெட்ஃபார்மின் கிடந்தது. ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே கெட்டியாக இருந்தது. போட்டோ எடுத்தேன். அப்பா, "இதையெல்லாமா படம் பிடிப்பாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளை காலை 9 மணிக்கு டாக்டரிடம் காட்டுகிறேன்.